லென்ஸை மாற்றும் முன் ஷட்டர் ஸ்பீடைப் பாருங்கள்

"தினம் ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், எதுவுமே ஷார்ப்பாக வரமாட்டேன் என்கிறது, எந்த லென்ஸ் வாங்கலாம்?" இந்த வாரமும் இதே கேள்வி. கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு லென்ஸ் வாங்கச் சொல்லி யோசனை கொடுத்தவர்கள் மேல்தான் கோபம். புதிதாகப் பழகுகிறவர்களின் படங்களைப் பார்த்துத் திருத்தம் சொல்வது என் தொழிலில் பாதி. அப்படி வருகிற படங்களில் லென்ஸால் கெட்டுப்போனது என்று சொல்லும்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸையே எஃப் 8-ல் (லென்ஸின் திறப்பைச் சொல்லும் எண் அது, எண் கூடினால் திறப்பு சுருங்கும்) வைத்து, நல்ல வெளிச்சத்தில், ஆடாமல் ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். இமை முடியை எண்ணலாம்.

கடைசியாக வந்த படத்தையே எடுத்துக்கொள்வோம். மேஜை விளக்கின் கீழே குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமி. பார்த்ததும் பிடித்துப்போகிற படம். ஆனால் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், அவள் மூக்குக்கண்ணாடியில் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டிய விளக்கொளி வலப்பக்கமாக ஒரு சின்னக் கோடாக இழுபட்டிருக்கிறது. நோட்டின் குறுக்குக் கோடுகள் தெளிவாக இருக்கின்றன, மார்ஜின் கோடு மட்டும் இரண்டாகத் தெரிகிறது. மேஜையின் கால், விளக்கின் தண்டு, நிமிர்ந்து நிற்கிற எல்லாமே அப்படித்தான். கேமரா பக்கவாட்டில் ஆடியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. எக்ஸிஃப்பை, அதாவது படத்தோடு பதிவாகும் கேமரா விவரங்களைப் பார்த்தால் 35 மி.மீ., எஃப் 4.5, ஐஎஸ்ஓ (விழுந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்ற அளவு) 100, ஷட்டர் 1/13, அதாவது ஷட்டர் திறந்திருந்தது ஒரு வினாடியில் பதின்மூன்றில் ஒரு பங்கு. இதற்கு எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அந்த மார்ஜின் கோடு இரண்டாகத்தான் தெரியும்.

அதனால் படம் மங்கலாக வந்தால் முதலில் பெரிதாக்கிப் பாருங்கள், எப்படி மங்கியிருக்கிறது என்று பாருங்கள். படத்தில் உள்ள எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவரும் நாற்காலியும் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். முகம் மங்கி, பின்னால் இருக்கும் திரைச்சீலை நூல் நூலாகத் தெரிந்தால் ஃபோக்கஸ் தப்பியிருக்கிறது. எதுவும் இழுபடாமல், எங்கேயும் தெளிவாகவும் இல்லாமல், படம் முழுக்கப் புகை படிந்த மாதிரி இருந்தால் லென்ஸில் விரல் பட்டிருக்கும், துடையுங்கள். இந்த நான்கும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு வேறு. எல்லாவற்றையும் 'ஷார்ப்பாக இல்லை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு எடிட்டிங்கில் ஷார்ப்னெஸ் ஸ்லைடரைக் கடைசிவரை இழுப்பதால் ஒன்றும் ஆகாது. அந்த ஸ்லைடர் இருக்கிற விளிம்பைத் தூக்கிக் காட்டும், பதிவாகாத விவரத்தை அதால் கொண்டுவர முடியாது.

தினம் ஒரு படம் என்று இறங்கியவர்களுக்கு இது ஏன் மற்றவர்களைவிட அதிகமாக நடக்கிறது தெரியுமா? பகலெல்லாம் வேலை. இரவு எல்லாம் முடித்துப் படுக்கப் போகும்போதுதான் இன்றைக்குப் படம் எடுக்கவில்லையே என்று ஞாபகம் வரும். கேமராவைக் கையில் எடுக்கும் நேரத்தில் இருப்பது கூரை விளக்கு ஒன்றுதான். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால் நமக்கு அறை பளிச்சென்றுதான் தெரியும். மதிய வெயிலோடு ஒப்பிட்டால் அங்கே வெளிச்சம் நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. ஐஎஸ்ஓ 100, எஃப் 4 என்று வைத்தால் அப்படிப்பட்ட அறையில் ஷட்டர் கால் வினாடிவரைகூட இறங்கிவிடும். கால் வினாடி கையை ஆட்டாமல் வைத்திருப்பதும் கஷ்டம், எதிரே இருப்பவரை மூச்சுவிடாமல் உட்காரவைப்பதும் கஷ்டம்.

இப்போது எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். "ஐஎஸ்ஓவை ஏற்றாதே, படம் கெட்டுவிடும்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. 1999-ல் வந்த நிகான் டி1 கேமராவின் உச்ச ஐஎஸ்ஓவே 1600-தான், அதைத் தொடுமுன் யோசிக்கத்தான் வேண்டும். 2007-ல் அதே நிறுவனத்தின் டி3 வந்தபோது 6400 வரை சாதாரண வரம்புக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் சென்சார்கள் எங்கேயோ போய்விட்டன, அறிவுரை மட்டும் அங்கேயே நிற்கிறது. இன்றைய தொடக்கநிலை கேமராவில் ஐஎஸ்ஓ 3200-ல் எடுத்த படத்தில் நாய்ஸ் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் பொடிமணல் தூவியதுபோல் தெரியும். முழுப் படமாகப் பார்க்கிறவர் கண்ணில் அது படவே படாது, பட்டாலும் குறைத்துக்கொள்ள மென்பொருள் இருக்கிறது. கை ஆட்டத்தால் இழுபட்ட படத்தை அவ்வளவு சுலபமாக மீட்க முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாய்ஸுக்கு முக்கியக் காரணம் சென்சாரில் விழும் வெளிச்சம் போதாதது. ஐஎஸ்ஓ 100-ஐ விடமாட்டேன் என்று படத்தை இருட்டாக எடுத்துக்கொண்டு, அப்புறம் எடிட்டிங்கில் வெளிச்சம் ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி ஏற்றும்போது நிழலுக்குள் இருந்து நாய்ஸ் கிளம்பி வருவதைப் பார்த்துவிட்டு, "100-லேயே இப்படி என்றால் 3200-ல் என்ன ஆகும்!" என்று இன்னும் பயப்படுகிறார்கள். அதே வெளிச்சத்தில் கேமராவிலேயே ஐஎஸ்ஓவைச் சரியாக ஏற்றி எடுத்திருந்தால் நாய்ஸ் அவ்வளவேதான் இருந்திருக்கும், பல கேமராக்களில் குறைவாகவே இருந்திருக்கும். கணக்கும் லேசானது: ஐஎஸ்ஓவை இரட்டித்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பாதி போதும். ஐஎஸ்ஓ 100-லிருந்து 200, 400, 800, 1600 என்று நான்கு முறை இரட்டித்தால் 1/13 என்பது 1/200 ஆகிவிடும். சிறுமியின் படத்துக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ட்ரைபாடில் கேமராவை வைத்து அசையாத பொருளை எடுக்கிறீர்களா, அப்போது 100-லேயே தாராளமாக எடுங்கள். கையில் பிடித்து மனிதர்களை எடுக்கும்போது அந்தப் பிடிவாதம் வேண்டாம், தயவுசெய்து.

சரி, எவ்வளவு ஷட்டர் வேண்டும்? கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50-க்குக் கீழே போகாதீர்கள், 200 என்றால் 1/200. ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது, தொடக்கநிலை கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது) என்றால் அதை ஒன்றரையால் பெருக்குங்கள். பழகும் காலத்தில் இரண்டு மடங்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, இன்றைய சென்சார்களின் மெகாபிக்சல் சின்ன ஆட்டத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். இது கைக்கு மட்டும். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருந்தால் 1/125, நடந்தால் 1/250, ஓடுகிற குழந்தைக்கு 1/500-க்குக் குறையவே கூடாது, பறக்கும் பறவைக்கு 1/1600-க்கு மேலே. 'லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே' என்பார்கள். அது உங்கள் கையைத்தான் பிடித்துக்கொள்ளும், குழந்தையைப் பிடித்து நிறுத்தாது.

இதையெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏ அல்லது ஏவி மோடில் (திறப்பை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா தேர்ந்தெடுக்கும்) வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, அந்த மெனுவுக்குள்ளேயே குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடு என்று இருப்பதை 1/250 ஆக்குங்கள், உச்ச ஐஎஸ்ஓவை 6400 வரை விடுங்கள். உங்கள் கேமராவில் அந்தக் குறைந்தபட்ச வசதி இல்லையென்றால் எஸ் அல்லது டிவி (Tv) மோடுக்கு, அதாவது ஷட்டரை நீங்களே வைக்கும் மோடுக்குப் போய் 1/250 வையுங்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஒருமுறை செய்துவைத்தால் போதும்.

புது லென்ஸ் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் வாங்கியவர்களின் அடுத்த புகார் எனக்குத் தெரியும். 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குவார்கள், நல்ல லென்ஸ்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கியதும் எல்லாவற்றையும் 1.8-லேயே எடுப்பார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தை ஏபிஎஸ்-சி கேமராவில் அப்படி எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ. மூக்கு நுனியில் ஃபோக்கஸ் விழுந்தால் கண் போச்சு. ஃபோக்கஸ் செய்தபிறகு நீங்கள் லேசாக முன்னால் சாய்ந்தாலே போச்சு. எஃப் 4-க்குப் போனால் அந்த ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும், லென்ஸும் தன் முழுத் திறமையைக் காட்டும். பின்னணி மங்குவது அழகு என்பதற்காகக் கண்ணையும் சேர்த்து மங்கவிடாதீர்கள். அதற்காக மறுபக்கம் ஓடி எஃப் 22-ல் வைக்கவும் வேண்டாம், அங்கே சின்னத் திறப்பில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் வந்து படம் முழுக்க மொத்தமாக மென்மையாகிவிடும். எஃப் 8, மிஞ்சினால் 11.

ஃபோக்கஸ் புள்ளியை நீங்கள் தேர்ந்தெடுங்கள். கேமராவிடம் விட்டால் பெரும்பாலும் அருகில் இருப்பதைப் பிடிக்கும், அது பூந்தொட்டியாகவும் இருக்கலாம். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியை அருகில் இருக்கும் கண்ணில் வையுங்கள். அசையாததற்கு ஏஎஃப்-எஸ் (ஒருமுறை ஃபோக்கஸ் செய்து நிறுத்திக்கொள்வது), அசைவதற்கு ஏஎஃப்-சி (விடாமல் ஃபோக்கஸ் செய்துகொண்டே இருப்பது). கேனானில் ஒன் ஷாட், சர்வோ என்று இருக்கும். பூவையும் பூச்சியையும் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் லென்ஸ் எவ்வளவு அருகில்வரை ஃபோக்கஸ் செய்யும் என்பதைப் பாருங்கள், பெரும்பாலும் லென்ஸிலேயே எழுதியிருக்கும். அதற்கும் கிட்டே போனால் எந்த ஜாலமும் நடக்காது. ஓரடி பின்னால் வந்து எடுத்து, அப்புறம் கிராப் செய்துகொள்ளுங்கள்.

கேமராவைப் பிடிக்கும் விதத்தையும் கொஞ்சம் பாருங்களேன். இடது கை லென்ஸுக்குக் கீழே தாங்க வேண்டும், பக்கவாட்டில் கிள்ளிப் பிடிக்கக் கூடாது. முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே பட்டனை மெதுவாக அழுத்துங்கள், குத்தாதீர்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் தொடர்ச்சியாக மூன்று படம் எடுத்தால் விரல் அழுத்தும் ஆட்டம் முதல் படத்தோடு போய்விடும், இரண்டாவது பெரும்பாலும் நன்றாக வரும். மேஜையோ சுவரோ கிடைத்தால் கேமராவை அதன்மேல் வைத்து 2 வினாடி டைமரில் எடுங்கள். வியூஃபைண்டரில் எல்லாமே எப்போதும் மங்கலாகத் தெரிந்தால் அதன் பக்கத்தில் இருக்கும் குட்டிச் சக்கரத்தைத் திருப்புங்கள், அது உங்கள் பார்வைக்கான திருத்தம், படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போனில் எடுக்கிறவர்களுக்கு: தினமும் எடுக்கும் முன் லென்ஸைத் துணியால் துடையுங்கள், பையிலும் கையிலும் கிடக்கிற பொருள் அது. விரலால் விரித்து ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே போங்கள். நைட் மோட் பல படங்களை எடுத்துச் சேர்க்கிறது, அது முடியும்வரை போனை அசைக்காதீர்கள், சத்தம் கேட்டதும் கையை இறக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முடிந்தால் அன்றைய படத்தைப் பகலிலேயே எடுத்துவிடுங்கள். காலையில் ஐந்து நிமிஷம் ஜன்னல் ஓரமாக எதையாவது வைத்து எடுத்தாலும் இரவில் அரைமணி நேரம் போராடுவதைவிட நன்றாக வரும்.

அப்புறம், யாரிடமாவது யோசனை கேட்கப் படம் அனுப்புகிறீர்கள் என்றால் ஒரிஜினல் ஃபைலை டாக்குமெண்டாக அனுப்புங்கள். மெசேஜ் ஆப்பில் படமாகவே அனுப்பினால் அது சுருங்கித் தெளிவு குறைந்துவிடும், எக்ஸிஃப்பும் அநேகமாகப் போய்விடும், எதனால் மங்கியது என்று பார்க்கிறவரால் சொல்லவே முடியாது. அனுப்பும் முன் அந்த எக்ஸிஃப்பில் ஷட்டர் ஸ்பீடு என்னவென்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.