முடக்குவாதம் இருக்கா? எலும்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

முடக்குவாதத்தோடு வருகிறவர்கள் முதலில் கையைத்தான் நீட்டுவார்கள். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும், காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது. எலும்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அடர்த்தி குறைவது வலிக்காதே.

மூட்டை வீங்க வைக்கிற டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6 போன்ற ரசாயனங்கள் மூட்டோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து, எலும்பை அரிக்கும் செல்களை உடம்பு முழுக்க உசுப்பிவிடுகின்றன, புது எலும்பு கட்டும் வேலையும் மந்தமாகிவிடுகிறது. வலிக்குப் பயந்து நடமாட்டம் குறைவது வேறு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் மோசம். இத்தனைக்கும் மேல், வீக்கத்துக்குப் போடுகிற ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பைக் கரைக்கும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், தள்ளுவண்டியிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது முதுகில் சுளீரென்று பிடித்துக்கொண்டது என்று வந்தார். எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. என்னம்மா மாத்திரை போடுறீங்க என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு அட்டைத் துண்டைக் கொடுத்தார். கத்தரிக்கோலால் வெட்டியது, உள்ளே நாலு மாத்திரை, பெயர் இருந்த பக்கம் போய்விட்டது, பின்னால் 'மெத்தா' என்ற எழுத்துகள் மட்டும் மிச்சம். "இதைப் போட்டாத்தான் சார் விரல் மடங்குது, பாசியப் பிடுங்க முடியுது" என்றார். டெக்ஸாமெத்தாசோனோ பீட்டாமெத்தாசோனோ, இரண்டும் ஸ்டீராய்டுதான். பார்க்கச் சின்ன மாத்திரை, ஆனால் 0.5 மி.கி. மாத்திரை ஒன்று, வழக்கமாக எழுதும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் கணக்கில் 3 மி.கி.க்கு மேல் வரும். தினமும் 2.5 மி.கி. பிரெட்னிசோலோன் மூன்று மாதத்துக்கு மேல் போனாலே எலும்பு முறியும் அபாயத்தைக் கணக்கிடச் சொல்கிறது அமெரிக்க வாதநோய் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டல். அந்த அம்மா வருடக்கணக்கில் போட்டிருக்கிறார், சீட்டு இல்லாமல்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நாள்பட்டுப் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம், ஏனென்றால் உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் படுத்துப் போயிருக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே மெத்தோட்ரெக்சேட் போல நோயை அடக்கும் மருந்தைத் தொடங்க வேண்டும் (அது வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் போட்டால் விஷம்). நோய் அடங்கினால் எலும்புக்கும் அது பாதி வைத்தியம்.

பரிசோதனை என்றால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். இடுப்பையும் முதுகையும் பார்ப்பார்கள், சில நிமிட வேலை, வலி கிடையாது. அடர்த்தியைச் சொல்லும் எண்ணான டி ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. முகாம்களில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்துச் சீட்டு தருகிறார்களே, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்கேனுக்கு மதுரை போகிற செலவு கையைக் கடிக்கும்தான், இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் என்றால் ஆகிற செலவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். உயரம் குறைந்திருக்கிறதா, கூன் விழுகிறதா என்று வீட்டிலேயே கவனிக்கலாம், ஏனென்றால் முதுகெலும்பு நசுங்குவது பல பேருக்குத் தெரியாமலே நடக்கும்.

"தினமும் மீன் திங்கிறோம், எங்களுக்கா சுண்ணாம்புச் சத்து குறையும்?" என்று கேட்பார்கள். சுண்ணாம்புச் சத்து இருப்பது மீன் முள்ளில். நெத்திலியை முள்ளோடு மென்றால் சரி, சீலா மீன் துண்டில் முள்ளை எடுத்துவிட்டு அதை எதிர்பார்க்க முடியாது. கேழ்வரகு, மோர் சேருங்கள். வைட்டமின் டி தரும் வெயிலும் அப்படித்தான். கொளுத்துகிற ஊர், ஆனால் பாசி எடுக்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் தலையில் துணியுமாகத்தான் போகிறார்கள், வீட்டோடு இருக்கும் பெண்கள் மேல் வெயிலே படுவதில்லை. வைட்டமின் டி அளவைப் பார்த்தே மாத்திரை கொடுக்கிறோம்.

சிலருக்கு, எலும்பு அரிபடுவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை எழுதுவோம், வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு. டீயோடு போட்டால் வீண். போட்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். கீழக்கரையிலிருந்து வருகிறவர்கள் நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள்: சஹருக்கு (விடியுமுன் சாப்பிடும் நோன்புச் சாப்பாடு) எழுந்ததும் முதல் வேலையாக இதைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள்.