படத்தை வெட்டிக்கொண்டு வராதீர்கள்

சென்ற மாதம் ஒரு காலை, கடைக் கதவை முழுதாகத் திறக்கும் முன்பே ஒருவர் வந்து நின்றார். தாயார் முதல்நாள் இரவு காலமாகிவிட்டார். மரண அறிவித்தலுக்குப் படம் வேண்டும், பின்னேரத்துக்குள் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். "பெரிய வேலை ஒண்டும் இல்லை அண்ணை. பின்னுக்கு இருந்ததை நானே எடுத்துப்போட்டன். வடிவா ஒரு பிரேம் மட்டும் போட்டுத் தாங்கோ" என்று போனை நீட்டினார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் கொண்டையில் மல்லிகைச் சரம் இருந்திருக்கிறது. சுவரும் வெள்ளை, பூவும் வெள்ளை. போனில் இருந்த செயலி இரண்டையும் ஒன்றாக எண்ணி வழித்துவிட்டது. சரத்தோடு கொண்டையில் பாதியும், இடது காதும், காதில் இருந்த தோடும் போயிருந்தன. வெட்டாத படம் எங்கே என்று கேட்டேன். "இதுதான் அண்ணை. அதுக்கு மேலேயே சேவ் பண்ணிப்போட்டன்."

வலது காதை எடுத்துத் திருப்பி இடது பக்கம் வைத்தேன். கொண்டையைக் கொஞ்சம் வரைந்தேன். பூவை விட்டுவிட்டேன். பத்திரிகையில் வரும் அந்தச் சிறிய அளவில் யாருக்கும் தெரிந்திருக்காது. படம் கொண்டுவந்தவருடைய அக்காவுக்கு மட்டும் தெரிந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு இப்போது கலியாண வீட்டு வேலையைவிடச் செத்தவீட்டு வேலைதான் அடிக்கடி வருகிறது. மரண அறிவித்தல், வீட்டுக்கு மாலை போடும் படம், பிறகு 31ஆம் நாள் கல்வெட்டு என்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்தின் அட்டை. மூன்றுக்கும் ஒரே படம்தான், ஆனால் மூன்றுக்கும் தேவை வேறு. அறிவித்தலுக்கு முகம் தெரிந்தால் போதும். கல்வெட்டு அட்டையில் 10 சென்ரிமீற்றர் அகலத்துக்குத் தெளிவாக அச்சிட வேண்டுமானால் ஏறக்குறைய 1,200 பிக்சல் வேண்டும். கலியாண வீட்டுக் குழுப்படத்தில் இருந்து வெட்டிய முகம் 200 பிக்சல் இருந்தால் பெரிய விசயம். அதையும் வட்ஸ்அப்பில் மூன்று பேர் கைமாற்றி அனுப்பியிருப்பார்கள்.

சரி, வெட்டுவதில் என்ன அப்படிக் கஷ்டம்? செலக்‌ஷன் (வெட்ட வேண்டிய பகுதியைத் தெரிவுசெய்தல்) எடுக்கும் கருவிகளில் பழையவற்றுக்கு ஆள் என்றால் என்னவென்றே தெரியாது. மேஜிக் வாண்ட் நீங்கள் தொட்ட புள்ளியின் நிறத்துக்குக் கிட்டிய நிறங்களைச் சேர்த்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். 2018இல் போட்டோஷொப்பில் வந்த செலக்ட் சப்ஜெக்ட் போன்றவை பல படங்களைக் காட்டிப் பழக்கப்பட்டவை. மனிதனை மனிதன் என்று கண்டுபிடிக்கும். ஒரு சொடுக்கில் முக்கால்வாசி வேலை முடியும், நானும் அதில்தான் தொடங்குகிறேன். ஆனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் மல்லிகை, கறுப்புத் திரைக்கு முன்னால் நரைக்காத தலை, மெல்லிய முக்காடு, மூக்குக்கண்ணாடியின் காது பிடிக்கும் கம்பி: இந்த இடங்களில் தடுமாறும். தடுமாறுகிறேன் என்று சொல்லவும் மாட்டாது.

தலைமயிருக்கு எனக்குப் பிடித்தது பழைய வழிதான். படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளைத் தனித்தனியே காட்டும் சனல்களைத் திறந்து நீலத்தை மட்டும் பாருங்கள். எங்கள் ஆட்களின் தோல் சிவப்புச் சனலில் வெளிச்சமாகவும் நீலத்தில் இருட்டாகவும் தெரியும். பின்னணி வெளிறியதாக இருந்தால், நீலச் சனலில் மயிரும் முகமும் சேர்ந்து ஒரே கறுப்புத் திரளாக நிற்கும். அந்தச் சனலைப் பிரதியெடுத்து, வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸில் வெள்ளையையும் கறுப்பையும் இழுத்து, உள்ளே மிஞ்சும் கண்ணையும் பல்லையும் தூரிகையால் கறுப்பாக்கி, கடைசியில் கறுப்பையும் வெள்ளையையும் தலைகீழாக்கிவிட்டால், ஒற்றை மயிர்கள்கூட அப்படியே நிற்கும் ஒரு மாஸ்க் (எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு) கிடைக்கும். ஐந்து நிமிட வேலை. வெள்ளைச் சேலை கட்டியிருந்தால் மட்டும் உடம்புக்கு வேறு வழி பார்க்க வேண்டும். தோளுக்கு ஓரத்தைக் கோடாக வரைந்து வெட்டும் பென் டூல், தலைக்குச் சனல் என்று பிரித்துக்கொள்வேன்.

புதிதாகப் பழகும் பிள்ளைகள் விடும் பிழை இன்னொன்று. எண்பதுகளில் எடுத்த படத்தை ஸ்கான் பண்ணி, பென் டூலால் பிளேட் போட்டது மாதிரி வெட்டிவிடுவார்கள். அந்தக் காலப் படத்தில் முகமே கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். முகம் மங்கல், ஓரம் மட்டும் கூர்மை என்றால், ஆள் மட்டையில் வெட்டி ஒட்டிய பொம்மையாகிவிடுவார். மூக்கின் ஓரம் எத்தனை பிக்சலில் நிறம் மாறுகிறதோ, அதே அளவு ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குதல்) தான் தோளின் ஓரத்துக்கும் வேண்டும். பெரிதாக்கி எண்ணிப் பார்ப்பேன். மரத்துக்குக் கீழே எடுத்த படம் என்றால் மயிர் ஓரத்தில் பச்சை ஒட்டியிருக்கும். அதை நீக்கும் வசதி ஓரப் பிக்சல்களின் நிறத்தையே மாற்றுகிறது. அதனால்தான் அதன் விளைவு புது லேயரில், அதாவது படத்தின் தனி அடுக்கில், வருகிறது. அந்த லேயரை மட்டும் வைத்துக்கொண்டு பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

இனி மாஸ்க். நான் தொழில் பழகியது கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில். அங்கே இருந்த மூத்தவர்கள், அச்சுத் தகடு செய்யும் காலத்தில் சிவப்புப் பிலிமைப் படத்தின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டிய கதையைச் சொல்வார்கள். அச்சுப் பிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. சிவப்பால் மூடினால் அதற்குக் கறுப்பால் மூடியது போலத்தான். வெட்டுகிறவனின் கண்ணுக்கு மட்டும் கீழே உள்ள படம் தெரியும். போட்டோஷொப்பில் கியூ விசையை அழுத்தினால் படத்தின் மேல் ஒரு சிவப்புத் திரை வருகிறதே, அது அந்தப் பிலிமின் பேரப்பிள்ளை. மூடியது அழிந்ததில்லை. இரப்பர் கருவி தேய்த்த பிக்சல் போய்விடும். லேயர் மாஸ்க்கில் கறுப்புப் பூசினால் பிக்சல் கீழே அப்படியே இருக்கும், வெள்ளை பூசினால் திரும்பி வரும். நடுவே இருக்கும் சாம்பல் அளவுகளால்தான் முக்காடு பாதி தெரியும்படி நிற்கிறது. 1994இல் இருந்து போட்டோஷொப்பில் இருக்கும் வசதி இது. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்பிலும் இருக்கிறது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் என்னிடம் வேலைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் எடுப்பது இரப்பரைத்தான்.

விசாப் படம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அது வேறு கதை என்றாலும். அமெரிக்க விசாவுக்கு 51 மில்லிமீற்றர் சதுரத்தில் வெள்ளைப் பின்னணிப் படம் கேட்பார்கள். வீட்டில் எடுத்துப் பின்னணியை வெள்ளையாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மென்பொருளாலோ செயலியாலோ மாற்றிய படம் கூடாது என்பது அவர்களுடைய விதி. அந்த வேலையை நான் செய்வதில்லை. வெள்ளைத் திரைக்கு முன்னால் இருங்கள், இரண்டு நிமிடம்.

செத்தவீட்டுப் படத்துக்கு நான் கேட்பது கொஞ்சம்தான். வெட்டாத படத்தைத் தாருங்கள். அல்பத்தில் இருக்கும் பிரதியென்றால் அல்பத்தையே கொண்டு வாருங்கள், நான் ஸ்கான் பண்ணுகிறேன். வட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் படமாக அனுப்பாமல் டொகுமென்டாக அனுப்புங்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜியைப் படமாக அனுப்பினால் ஜேபெக்காக மாறும். ஜேபெக்கில் வெறுமை என்று ஒன்று கிடையாது. அந்த இடத்தில் வெள்ளையோ கறுப்போ வந்து நிற்கும்.

இதையெல்லாம் நான் சுத்தமானவன் போலச் சொல்ல முடியாது. தனியாகக் கடை போட்ட புதிதில் ஒரு குடும்பம் வந்தது. தாயார் போய்விட்டார். இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்று, ஒரு கலியாண வீட்டில் கணவரோடு நின்று எடுத்தது. ஐயாவின் கை அம்மாவின் தோளில் இருந்தது, நான்கு விரலும் மோதிரமும் தெரிய. "தம்பி, கை தெரியக்கூடாது" என்றார் கனடாவில் இருந்து வந்திருந்த மகன். ஐயாவை வெட்டினேன், விரல்களின் மேல் சேலையை நகலெடுத்து மூடினேன். எல்லாவற்றையும் ஒரே லேயராக்கி, ஸ்கான் கோப்பின் மேலேயே சேமித்தேன். மகனுக்கு மிகவும் பிடித்துப்போனது. படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, செலவுச் சடங்கு முடிந்ததும் கனடாவுக்குப் போய்விட்டார்.

இருபதாம் நாள் போல ஐயா தனியாக வந்தார். கல்வெட்டுக்கு அதே படம்தான் வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கையை மட்டும் திருப்பி வைக்கலாமோ?" என்று கேட்டார்.

மகனுக்குப் போன் பண்ணினோம். பெட்டியில் தேடி எடுத்து, அங்கே ஒரு கடையில் ஸ்கான் பண்ணி அனுப்பினார். அது வந்து சேர்ந்தபோது கல்வெட்டு அச்சாகி முடிந்திருந்தது.