கார்ப்போரா அமைலேசியா: மூளையில் சேரும் மாவுமணி

வயதானவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். அவற்றின் லத்தீன் பெயர்தான் கார்ப்போரா அமைலேசியா. கார்ப்போரா என்றால் உடல்கள், அமைலேசியா என்றால் மாவுத்தன்மை உள்ளவை. வேர்ச்சொல் கிரேக்க ‘அமைலோன்’, அதாவது திரிகையில் அரைக்காதது. தானியத்தை ஊறவைத்துக் கசக்கி, அடியில் தங்கும் வெள்ளை மாவை எடுத்ததால் வந்த பெயர். வடிகஞ்சியில் வேட்டியை முக்கி விறைப்பேற்றும் தஞ்சாவூர்க்காரருக்குப் பழகிய பொருள்தான்.

இந்த உருண்டைகளை 1837-இல் செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே விவரித்தார். 1854-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபிர்கோ அயோடின் விட்டுப் பார்த்தார், நீலம் ஏறியது. பள்ளியில் சோற்றுப் பருக்கையில் செய்வோமே, அதே சோதனை! மாவுப்பொருள் என்று முடிவுகட்டிப் பெயர் வைத்துவிட்டார். இந்த உருண்டைகளைப் பொறுத்தவரை அது பெரிதும் சரியே. பெரும்பகுதி குளுக்கோஸ் சங்கிலிகள், கொஞ்சம் புரதம். மூளையின் மேலுறைக்குக் கீழும் ரத்தக்குழாய்களை ஒட்டியும் ஆஸ்ட்ரோசைட்டு என்ற துணைச்செல்களுக்குள் இவை உருவாகின்றன. இளம் வயதில் அரிது, வயது கூடக்கூடப் பெருகும். கிழட்டு நாய்களின் மூளையிலும் இதுபோன்றவை உண்டு.

குழப்பம் அடுத்த சொல்லில்தான். வேறு சில படிவுகளையும் அயோடினை வைத்தே ஃபிர்கோ ‘அமைலாய்டு’, அதாவது மாவு போன்றது, என்றார். 1859-இல் மருத்துவர் ஃப்ரீட்ரைஷும் வேதியியலாளர் கெக்குலேயும் சோதித்தபோது அது புரதம் என்று தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. அல்சைமர் நோயில் பேசப்படும் அமைலாய்டு இந்தப் புரத வகை. தமிழில் அதை ‘அமிலாய்டு’ என்று எழுதினால் மூளையில் ஏதோ அமிலம் தேங்குவதுபோல ஆகிவிடுகிறது. அமிலம் புளிப்பைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது, இதற்கு உறவே இல்லை. ஐகாரம் போட்டே எழுதுவோம்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘தரசத் துகள்’ பாடநூல் வாசனை அடிக்கிறது. ‘மாவுமணி’ என் தேர்வு. ஒரே சங்கடம், டெல்டாவில் இதைச் சொன்னால் “அப்போ சோத்தைக் குறைக்கணுமா?” என்று கேட்பார்கள். சாப்பிட்ட சோற்று மாவு மூளையில் போய்ப் படிவதில்லை. செல்லே குளுக்கோஸைக் கோத்துக் கட்டுகிறது. கழிவைப் பொதிந்து வெளியேற்றும் ஏற்பாடாக இருக்கலாம் என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்புறம், புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் உருண்டைகளுக்கும் இதே லத்தீன் பெயர்தான். ஆனால் அவற்றில் புரதமும் கால்சியமும் அதிகம். அதனால் ‘மூளை மாவுமணி’ என்று இடத்தையும் சேர்த்தே எழுதுவது நல்லது.