இரண்டாவது பேஸ் டிராம்போன் வாங்கும் முன்

பித்தளை வாத்தியங்களைப் பழுது பார்ப்பவன் நான். பேஸ் டிராம்போன் (ஸ்லைடு என்ற குழாயை முன்னும் பின்னும் இழுத்து, அடி ஸ்வரங்களை வாசிக்கும் பித்தளை வாத்தியம்) வாசிக்கும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தன் ஸ்பேர் வாத்தியத்தோடு, அதாவது அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவதோடு வந்து, "ரெண்டாவது வால்வு வேலை செய்யலைங்க" என்றார். லீவரை அழுத்தினால் காற்றைக் கூடுதல் குழாய்க்குத் திருப்பி ஸ்வரத்தை இறக்குவதுதான் வால்வு. பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுழலும் ரோட்டார் சுத்தமாக இருந்தது, இணைப்புக் கம்பியில் ஆட்டம் இல்லை, கார்க் புதிது. சரி, வாசித்துக் காட்டுங்கள் என்றேன். நடுவிரல் லீவரை மட்டும் அழுத்தி ஊதினார். அவர் எதிர்பார்த்த ஸ்வரம் ஜி ஃபிளாட். வந்தது பி ஃபிளாட், வால்வே அழுத்தாதபோது வரும் ஸ்வரம். முந்தின வாரம் மேடையிலும் இதேதான் நடந்திருக்கிறது.

வாத்தியத்தில் பழுதே இல்லை. அவர் தினமும் வாசிப்பதில் இரண்டு வால்வும் தனித்தனியாக இயங்கும்: கட்டைவிரலுக்கு எஃப், நடுவிரலுக்கு ஜி ஃபிளாட், இரண்டும் சேர்ந்தால் டி. ஸ்பேரில் இரண்டாவது வால்வு எஃப் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. கட்டைவிரலை அழுத்தாவிட்டால் காற்று அந்தப் பக்கமே போகாது. பாக் கம்பெனியின் 50பி2 மாடல் இப்படிச் சார்ந்து இயங்குவது, 50பி3 தனித்து இயங்குவது. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம்.

ஸ்பேர் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் நாதத்தைத்தான் கேட்கிறார்கள். நான் வால்வைப் பார்க்கச் சொல்வேன். அவசரத்தில் கையில் எடுக்கும் வாத்தியம் அது. அந்த நேரத்தில் யோசித்து விரலை மாற்ற யாராலும் முடியாது. ஸ்லைடின் உட்துளையும் தினமும் வாசிப்பதில் உள்ள அளவிலேயே இருக்கட்டும் (0.562 அங்குலம்தான் வழக்கமான அளவு). உங்கள் மௌத்பீஸ் (வாய் வைத்து ஊதும் பகுதி) ஆடாமல் உட்கார வேண்டும். விலை குறைவு என்று ஒற்றை வால்வு வாங்கினால், அடியில் உள்ள பி ஸ்வரத்துக்கு ஸ்லைடு நீளம் பத்தாது. எஃப் குழாயின் டியூனிங் ஸ்லைடை (சுருதி சரிசெய்யும் குழாய்) வெளியே இழுத்து, எஃப்பை ஈ ஸ்வரம் வரைக்கும் இறக்கி வைத்தால்தான் அது கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். லீவரை அழுத்தாமல் எஃப் டியூனிங் ஸ்லைடை மெதுவாக உருவுங்கள், அப்புறம் லீவரை அழுத்துங்கள். 'பட்' என்று சத்தம் வந்தால் வால்வு காற்றைப் பிடித்து வைக்கிறது. சத்தமே இல்லையென்றால் ரோட்டார் தேய்ந்திருக்கலாம், அந்த வேலைக்குச் செலவு அதிகம். பித்தளைக் குழாயில் செம்பு நிறப் புள்ளியும் அதன் நடுவில் கறுப்பும் தெரிந்தால் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். பெல்லில் (அகன்ற வாய்ப் பகுதி) சொட்டை இருந்தால் நான் தட்டி எடுத்துவிடுவேன். அரித்துப்போன குழாயை மாற்றத்தான் வேண்டும்.

வாங்கியதைப் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிடாதீர்கள். எண்ணெய் காய்ந்து ரோட்டார் இறுகிவிடும். வாரத்தில் ஒரு ஒத்திகைக்காவது அதையே எடுத்துப் போங்கள்.

வந்தவர் அந்த ஸ்பேரை விற்றுவிட்டு வேறொன்று வாங்கினார். பழசு, பூச்சு உதிர்ந்தது, ஆனால் வால்வு தனித்து இயங்கும் வகை. லீவர்களின் உயரத்தை மட்டும் அவர் விரலுக்கு ஏற்றபடி நான் வளைத்துக் கொடுத்தேன்.