பிக்சலை மட்டும் உள்ளே விடுங்கள்

பயனர்கள் படம் ஏற்றும் வசதியைத் தளத்தில் வைக்கும்போது, நிரல் எழுதுகிறவர்கள் முதலில் பார்ப்பது கோப்பின் பெயரை. ஜேபிஜி என்று முடிகிறதா? சரி, உள்ளே விடு. ஆனால் பெயர் என்பது அனுப்புகிறவர் தாமே எழுதி ஒட்டும் சீட்டு. கோப்போடு சேர்ந்து வரும் ‘இது படம்’ என்ற வகைக்குறிப்பும் அப்படித்தான்.

இன்னும் கவனமானவர்கள் கோப்பின் தொடக்க பைட்டுகளைப் பார்ப்பார்கள். ஜேபெக் (ஜேபிஜி) படம் 255, 216 என்ற இரண்டு எண்களோடு தொடங்கும். பிஎன்ஜி என்ற இன்னொரு பட வகை 137-இல் தொடங்கி, அடுத்த மூன்று பைட்டுகளில் தன் பெயரையே எழுதி வைத்திருக்கும். நல்ல சோதனை, ஆனால் போதாது. ஜேபெக்கின் உள்ளே குறிப்பு எழுத இடம் உண்டு. அங்கே யாராவது பிஎச்பி என்ற, சர்வரில் ஓடும் மொழியில் நிரல் வரிகளை எழுதிவைத்தால், தொடக்கம் சரியாக இருக்கும், திறந்தால் படமும் அழகாகத் தெரியும். அதே கோப்பு பிஎச்பி என்று முடியும் பெயரோடு, நிரல்கள் ஓடும் கோப்புறையில் போய் உட்கார்ந்தால் சர்வர் அதை நிரலாகவே இயக்கும்.

அதனால் வந்த கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. அதைப் பிரித்து, பிக்சல்களை, அதாவது படத்தின் நிறப்புள்ளிகளை, மட்டும் எடுத்து, புதுக் கோப்பாக மறுபடி வரைய வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்த குறிப்புகள் பழைய கோப்போடு போய்விடும்.

இதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. 2012 டிசம்பரில், பெலிஸ் நாட்டு போலீஸ் விசாரணைக்காகத் தேடிக்கொண்டிருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்கஃபியின் படத்தை வைஸ் இதழ் இணையத்தில் வெளியிட்டது. ஐபோனில் எடுத்த அந்தப் படத்துக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அழியாமல் இருந்தன. அவர் குவாத்தமாலாவில் இருப்பது வெளியே தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் எடுத்த குழந்தையின் படத்தை ஏற்றும் தாய்க்கு எக்ஸிஃப் எனப்படும், கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் இந்த விவரமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தளம் நடத்துகிறவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். (படத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதும் எக்ஸிஃபில்தான் இருக்கும். முதலில் திருப்பிவிட்டு அப்புறம் அழியுங்கள், இல்லையென்றால் பாதிப் படங்கள் படுத்துக்கிடக்கும்.)

சரி, வரைகிற கருவியே ஓட்டையாக இருந்தால்? 2016 மே மாதம், படங்களை மாற்றியமைக்கப் பல தளங்கள் பயன்படுத்தும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளில் அதுதான் நடந்தது. படம் என்ற பெயரில் வரும் வரைகட்டளைக் கோப்பில் ஒரு இணைய முகவரியை எழுதி, அதன் வாலில் சர்வருக்கான கட்டளையை ஒட்டிவிட்டால் போதும். படத்தைச் சிறிதாக்கப் போன கருவி அதையும் நிறைவேற்றிவிடும். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வகைப் படங்களைப் பிரிக்கும் நிரல் நூலகத்தில் நினைவக ஓட்டை தெரியவந்து, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. ஓட்டையே இல்லாவிட்டாலும், 20,000 × 20,000 பிக்சல் கொண்ட ஒரே நிறப் படம் ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடும்; பிரித்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 1.6 ஜிபி நினைவகம் கேட்கும். எனவே பிரிக்கும் முன்பே நீள அகலத்தைப் படித்துப் பார்த்து, பெரிதாக இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். வரையும் வேலையை இணையத் தொடர்பில்லாமல், மற்ற நிரல்களிலிருந்து பிரித்துவைத்த தனி இடத்தில், நினைவகத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு போட்டுச் செய்ய வேண்டும். எஸ்விஜி என்ற பட வகை பிக்சல் படமே அல்ல, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுத இடம் தரும் உரைக்கோப்பு. தேவையில்லை என்றால் அதை வாங்கவே வேண்டாம்.

பிக்சல் எண்களையே சாமர்த்தியமாக அடுக்கி, மறுபடி வரைந்த பிறகும் நிரல் வரி தப்பிப் பிழைக்கும்படி செய்தவர்களும் உண்டு. அதனால் கோப்புக்குத் தளமே புதுப் பெயர் வைத்து, நிரல் ஓடாத இடத்தில் சேமிக்க வேண்டும். காட்டும்போது நோஸ்னிஃப் என்ற குறிப்பைச் சேர்த்து அனுப்பினால், பிரவுசர் கோப்பை மோந்து பார்த்து வகையைத் தானாக ஊகிக்காது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், பயனர்களின் கோப்புகளைத் தன் முகவரியில் காட்டாமல் கிட்ஹப்யூசர்கன்டென்ட் என்ற வேறு முகவரியில் காட்டுகிறது. எல்லாவற்றையும் தாண்டி ஒரு நிரல் அங்கே ஓடிவிட்டாலும், பயனர் உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் லாகின் குக்கி அதன் கைக்கு எட்டாது.