கிளிஞ்சல் கோட்டையும் சாம்பல் பாரும்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள செயின்ட் அகஸ்டின், 1565-இல் ஸ்பானியர்கள் நிறுவிய கடலோர நகரம். அங்கே 1672-இல் கட்டத் தொடங்கிய சான் மார்கோஸ் கோட்டையின் சுவரை நெருங்கிப் பார்த்தால் கிளிஞ்சல்கள்தான் கண்ணில் படும். அந்தக் கல்லுக்குக் கொக்கீனா என்று பெயர்.

செத்த சிப்பிகளின் ஓடுகள் கரையோரம் குவிந்தன. பிற்பாடு அவற்றின் ஊடே மழைநீர் இறங்கியது. மழைநீரில் லேசான அமிலம் உண்டு. அது ஓட்டிலிருக்கும் கால்சியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கரைத்து, பக்கத்து இடுக்கில் படியவிட்டது. அந்தப் படிவுதான் பசை. இடைவெளி நிறைந்த கல் என்பதால், 1702-இலும் 1740-இலும் ஆங்கிலேயர் சுட்ட பீரங்கிக் குண்டுகள் சுவரைப் பிளக்காமல் அதிலேயே புதைந்து போயின.

அதே மாநிலத்தின் தெற்கே, மயாமி கரைக்கு அப்பால் சுமார் 12 மீட்டர் ஆழத்தில் இன்னொரு கட்டுமானம் இருக்கிறது. 2007-இல் திறந்த நெப்டியூன் நினைவுப் பார் அது. பார் என்றால் கடலுக்கடியில் மீனும் பவளமும் தங்கும் பாறைத் திட்டு; இது மனிதர் செய்த செயற்கைப் பார். இறந்தவர்களின் சாம்பலைக் கான்கிரீட்டில் கலந்து வார்த்து, கடலடியில் பதிக்கிறார்கள்.

சாம்பல் என்கிறோமே தவிர, தகனத்துக்குப் பின் மிஞ்சுவது பெரும்பாலும் எலும்பின் கால்சியம் பாஸ்பேட்தான். கலவையில் அது மணல் மாதிரி அடங்கிவிடும். தொந்தரவு சிமெண்டால் வருவது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு, புதுக் கான்கிரீட்டில் 12-ஐத் தாண்டும். கடல்நீரிலோ 8 சொச்சம். அவ்வளவு காரத்தில் குட்டி உயிர்கள் ஒட்டத் தயங்கும். அதனால் செயற்கைப் பார் வார்ப்பவர்கள் நுண்ணிய சிலிக்காத் தூள் சேர்த்துக் காரத்தைத் தணிப்பதுண்டு. மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுவார்கள். பரவலான ஒரு வடிவம், உள்ளே குடைந்து சுற்றிலும் ஓட்டை போட்ட குவிமாடம். ஓட்டை வழியே நீர் புகுந்து போவதால் அலை அதை எளிதில் புரட்டாது, மீனுக்கும் ஒளிய இடம் கிடைக்கும்.

சில நாட்களிலேயே பாக்டீரியாப் படலம் மூடிவிடும். பார்க்க வெறும் வழவழப்பு. ஆனால் மிதந்து திரியும் பவள லார்வாக்கள் தங்க இடம் தேடும்போது, அத்தகைய படலம் விடும் வேதிக் குறிப்புகளைத்தான் மோப்பம் பிடிக்கின்றன. அப்புறம் பாசி, படகடியில் ஒட்டுமே அந்தக் கொட்டலசு, கடற்பஞ்சு. பவளம் வளர வருடக்கணக்காகும்.

இதை 'இயற்கைக்குத் திரும்புதல்' என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறது. சிமெண்ட் தயாரிப்பிலும் தகனத்திலும் வெளியேறும் கார்பன் டைஆக்சைடு கொஞ்சநஞ்சமல்ல. சரி, கடல் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. கொட்டலசும் பவளமும் அந்தக் கான்கிரீட்டின் மேல் கட்டும் ஓடு கால்சியம் கார்பனேட், கோட்டைச் சுவரில் இருக்கும் அதே சரக்கு.