சொல் விளக்கம்: சூழல் புவியரசியல்

நிலமும் இருப்பிடமும் நாடுகளின் அதிகாரத்தை எப்படி வடிவமைக்கின்றன என்று பார்ப்பது ஜியோபாலிடிக்ஸ். அந்தச் சொல்லுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன. தமிழக நாளிதழ்களில் 'புவிசார் அரசியல்', இலங்கைத் தமிழ் எழுத்தில் 'பூகோள அரசியல்', இரண்டுக்கும் நடுவே ஆங்காங்கே 'புவியரசியல்'.

மூலச்சொல்லை உருவாக்கியவர் ருடால்ஃப் ஷெலேன் என்ற சுவீடன் நாட்டு அரசறிவியலாளர். 1899-இல் 'கெயோபொலிடிக்' என்று எழுதினார். நிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் முன்னொட்டாக நிற்கிறது. அரசு என்பது ஓர் உயிரி, அது வளரும், வளர நிலம் வேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் கருத்தை ஜெர்மனியில் புவியியலாளர் கார்ல் ஹவுஸ்ஹோஃபர் கையிலெடுத்தார், ஜெர்மானியர் வாழக் கூடுதல் நிலம் வேண்டும் என்ற நாஜிகளின் 'வாழ்விட'க் கோஷத்தோடு அது ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புவியியலாளர்கள் பல ஆண்டுகள் அந்தச் சொல்லைத் தொடவே கூசினார்கள். 1970-களில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹென்றி கிஸ்ஸிங்கர் வாயிலாகத்தான் அது மறுபடி செய்தித்தாளுக்கு வந்தது.

இன்று அதற்கு முன்னால் 'சூழல்' சேர்ந்திருக்கிறது. யார் எந்தக் கடலை ஆள்கிறார்கள் என்பதோடு நிற்காமல், நீர், எண்ணெய், கனிமம், காடு, காலநிலை இவை அதிகாரப் போட்டிக்குள் எப்படி இழுக்கப்படுகின்றன, யாருடைய பாதுகாப்பு பேசப்படுகிறது, யாருடையது பேசப்படுவதில்லை என்று கேட்பது இந்தத் துறை. சைமன் டால்பி, ஃபிலிப் லெ பியோன் போன்ற புவியியலாளர்கள் இதில் நன்கு அறியப்பட்டவர்கள்.

லெ பியோன் 2001-இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. வளம் இருந்தால் போர் வரும் என்ற மொட்டைக் கூற்றை அவர் ஏற்கவில்லை. அந்த வளம் ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா, பரந்து கிடக்கிறதா? தலைநகருக்கு அருகிலா, தொலைவிலா? ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் நடந்த உள்நாட்டுப் போரைப் பாருங்கள். கடலடி எண்ணெயை எடுக்கப் பெருமூலதனமும் வெளிநாட்டு நிறுவனங்களும் வேண்டும், ஆகவே அது அரசின் கஜானாவுக்குப் போனது. ஆற்று வண்டலில் கிடக்கும் வைரத்துக்கு மண்வெட்டியும் சல்லடையும் போதும், இடுப்பளவு தண்ணீரில் நின்று சரளையைச் சலிக்க ஆட்கள் இருந்தால் வேலை நடந்துவிடும். அந்த வைரம் யூனிட்டா கிளர்ச்சிப் படைக்குச் சோறு போட்டது. ஒரே நாடு, ஒரே போர், இரண்டு தரப்புக்கும் இரண்டு வளம்.

இப்படிப்பட்ட வைரம் சந்தைக்கு வராமல் தடுக்க 2003-இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்றிதழ் முறை இந்த அனுபவத்தில் பிறந்ததுதான். ஆனால் கிளர்ச்சிக் குழுக்களின் போருக்குப் பணம் தரும் பட்டை தீட்டாத வைரம் மட்டுமே அதன் வரையறைக்குள் வரும். அரசுப் படையே சுரங்கத்தில் அட்டூழியம் செய்தால் வராது. கிம்பர்லி பற்றி எழுதும்போது 'இரத்த வைரம்' என்று போடுவது இதனால் பொருந்தாது, அந்தச் சொல்லின் எல்லை பெரியது.

அடுத்து 'வளம்'. 'நாடென்ப நாடா வளத்தன' என்கிறது குறள் (739): வருந்தித் தேடாமலே செல்வம் தருவதுதான் நாடு. மண்வளம், நீர்வளம் என்று நாம் சொல்லும்போதும் வளம் தானே இருப்பதாகவே தொனிக்கிறது. புவியியலாளர்கள் இதற்கு நேர்மாறாகப் பேசுவார்கள். வளங்கள் இருப்பவையல்ல, ஆகுபவை என்றார் பொருளியலாளர் எரிக் சிம்மர்மன், 1933-இல். யுரேனியம் ஒருகாலத்தில் கண்ணாடிக்கு நிறமேற்றத்தான் பயன்பட்டது. அணுப்பிளவு தெரிந்த பிறகு அதே கனிமத்துக்காக வல்லரசுகள் வரைபடத்தை விரித்தன. தமிழ்ச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கோபால்ட்டையோ லித்தியத்தையோ வெறுமனே 'நாட்டின் வளம்' என்று எழுதும்போது, அதை வளமாக்கிய தொழில்நுட்பமும் சந்தையும் வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகின்றன.

எந்தப் பெயரை எடுப்பது? பூகோளம் பழைய பாடநூல்களில் புவியியலைக் குறித்தது உண்மைதான். இன்றோ 'பூகோள வெப்பமாதல்' போன்ற தொடர்களில் அது உலகளாவியது என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டதால், பூகோள அரசியலை உலக அரசியல் என்று வாசிப்பவர்கள் உண்டு. 'புவிசார் அரசியல்' தெளிவானது, புவிசார் குறியீடு வழியாக எல்லோருக்கும் பழகியதும்கூட. சிக்கல் அடைமொழி சேரும்போதுதான்: 'சுற்றுச்சூழல்சார் புவிசார் அரசியல்சார்ந்த' என்று சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும். எனவே தனியாக வரும்போது புவிசார் அரசியல், கூட்டுச்சொல்லில் புவியரசியல்: சூழல் புவியரசியல், வளப் புவியரசியல், புவியரசியலாளர். 'சூழலியல் புவியரசியல்' மட்டும் வேண்டாம், சூழலியல் என்பது உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்குமான உறவைப் படிக்கும் வேறொரு துறை.